எமிலியானுஸும் கணேசலிங்கம் வீட்டு ஹஸ்கிகளும்

எமிலியானுஸ் இறைச்சி கொடுத்து நாயை ஓநாயாக்கினார் என்று மொன்றியல் தமிழரிடையே ஒரு கதை உலவுகிறது. படித்தவர்களும் அதைச் சொல்கிறார்கள். மூன்று கலியாண வீடுகளிலும் ஒரு செத்தவீட்டிலும் என் காதாலேயே கேட்டேன். ஒவ்வொரு முறையும் மறுத்தேன், சிரித்தார்கள். நடந்தவற்றிற் பாதியை நான் நேரிற் பார்த்தவன். மீதியை அவர் வாயாலும் அவருடைய குறிப்புக் கொப்பியாலும் அறிந்தவன். ஆகவே எழுதிவைக்கிறேன்.

எமிலியானுஸ் மன்னாரிற் பிறந்த கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் 'வேதக்காரர்'. வவுனியாவிலும் கிளிநொச்சியிலுமாக இருபத்திரண்டு ஆண்டுகள் அரசாங்கக் கால்நடைத் திணைக்களத்தில் வேலை பார்த்தார். மாடுகளுக்கு ஊசி போடுவதும், கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விடுவதும், விசர்நாய் கடித்த வீடுகளுக்குப் போய் விபரம் எழுதுவதும் அவர் தொழில். 1988இல் அகதியாக இங்கே வந்தார். ஐம்பத்தாறு வயதிற் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்திற் பெட்டி அடுக்கினார். நோத்ர-டாம்-த-கிரேஸில் என் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே, ஓரறையிற் குடியிருந்தார். ஊரார் அவருக்கு வைத்த பெயர் 'மாட்டு டொக்டர்'. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் ஒருவராவது ஒரு மாட்டின் வாயைத் திறந்து பார்த்திருப்பாரோ என்பது ஐயம்.

கணேசலிங்கம் பலசரக்குக் கடைக்காரர். லொங்குய்யில் தனி வீடு உடையவர். வடக்கே ஒரு பண்ணைக்காரனிடம் இரண்டு நாய்க்குட்டிகள் வாங்கி, ஆணுக்கு ஜிம்மி என்றும் பெண்ணுக்கு ராணி என்றும் பெயரிட்டார். "கலப்பில்லாத ஹஸ்கி" என்று, பனிவண்டி இழுக்கும் அந்த நாயினத்தின் பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பின்வளவுக்கு அழைத்துப்போய்க் காட்டுவார். இந்தச் சம்பவம் நடந்தபோது அவற்றுக்கு ஒன்றரை வயது கடந்திருந்தது.

1993 நவம்பரில், நாங்கள் 'சட்டி' என்று சொல்லும் கந்தசஷ்டி விரதம் வந்தது. கணேசலிங்கம் எமிலியானுஸைத் தேடி வந்தார். நானும் அங்கிருந்தேன்.

"அண்ணை, சட்டிக்குக் குடும்பமா ரொறன்ரோக் கோயிலுக்குப் போறம். ஆறு நாள். நாயளை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. உங்களுக்கு உது பழகின வேலைதானே."

"ஓம் தம்பி, அதுக்கென்ன."

களஞ்சியத்தில் விடுப்பெடுத்தார். "அஞ்சு வருசமா ஒரு சீவனையும் நான் தொடேல்லை" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு வெளிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் லொங்குய் வீட்டுக்குப் போனபோது குளிர்ப்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. 'சட்டி முடியுமட்டும் வீட்டுக்குள் மச்சம் கூடாது. நாய்களுக்குச் சோறு, பருப்பு, பால்.' மீனும் இறைச்சியும் இல்லாத விரதத்தை மனிதர் தம்முடைய நன்மைக்காகப் பிடிக்கிறார்கள். அதை இரண்டு விலங்குகளின் வயிற்றில் ஏற்றியது எந்தப் புண்ணியக் கணக்கு என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஜிம்மி சோற்றை முகர்ந்துவிட்டு விலகியது. ராணி தட்டையே கவிழ்த்தது. எமிலியானுஸ் திணைக்கள வழக்கப்படி கொப்பியைத் திறந்து ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். கால்கள் உடலுக்கு மிஞ்சிய நீளம். நெஞ்சு ஒடுக்கம், முழங்கைகள் உட்புறம் திரும்பியவை. ஹஸ்கியின் வால் முதுகின்மேல் வளையும். இவற்றின் வால் நேராகத் தொங்குகிறது. கண் நீலமுமில்லை, கபிலமுமில்லை, மஞ்சள். காது சிறியது, உள்ளே மயிரடர்ந்தது. குரைப்பே இல்லை. கதவுத் தாழ்ப்பாளைத் திறக்க ஜிம்மிக்கு ஒரு நாளே போதுமாயிருந்தது.

ஒரு குறியை வைத்து அவர் முடிவுக்கு வரவில்லை. எல்லாம் சேர்ந்துவரட்டும் என்று பொறுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை முதற் பனி விழுந்தது. பின்வளவில் ராணி நடந்த தடம் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டிற் போயிருந்தது. முன்காற் குழிக்குள்ளேயே பின்கால் விழுந்திருந்தது; நாயின் தடம் அப்படி இராது. கோட்டின் முடிவில், வேலியோரம், ராணி நின்றது.

வேலி மார்பளவு உயரம். அதற்கப்பால் றோசாவின் வீடு. றோசா ஐந்து சிறு பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பராமரிப்பவள். பிள்ளைகள் அந்த வேலியின் இடுக்கால் பிஸ்கட் நீட்டுவது வழக்கம். அன்று ஒரு பையன் பனியில் வழுக்கி விழுந்து கத்தினான். ராணி அசையவில்லை, தலையைத் தாழ்த்தி, சத்தமில்லாமல், அவனையே பார்த்தது. பசித்த விலங்கு.

எமிலியானுஸ் இரண்டையும் வீட்டோடு ஒட்டிய, கார் விடும் கராச்சுக்குள் அடைத்துவிட்டு றோசாவிடம் போனார். "இவை நாய் மட்டுமல்ல, ஓநாய்க் கலப்பு. நான் சொல்லுமட்டும் பிள்ளைகளை வெளியே விடாதே" என்று தம்முடைய உடைந்த பிரெஞ்சில் விளங்கப்படுத்தினார். பிறகு, ஊரில் வாத்தியாராயிருந்த எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மாஸ்ரர், பத்துக் கிலோ கோழி முதுகெலும்பு வாங்கிக்கொண்டு வாரும். கெதியா."

"சட்டியல்லே?"

"சட்டி கணேசலிங்கத்துக்கு. இதுகள் என்ன பாவஞ் செய்ததுகள்?"

கொண்டுபோனேன். கராச்சுக்குள் மட்டுமே கொடுத்தார். வீட்டு வாசற்படிக்குள் ஒரு துண்டுகூடப் போகவில்லை. இரண்டும் தின்றதைப் பார்த்தபோது முன்னைய நாட்களின் பட்டினி எத்தகையது என்று தெரிந்தது. தின்று முடிந்ததும் ஜிம்மி அவருடைய கையின் பின்புறத்தை நக்கியது. "கெட்ட சீவனில்லை" என்றார். "தெரியாத இடத்தில வந்து மாட்டுப்பட்டிட்டுது. எங்களைப் போலதான்."

அந்தப் பகுதி மிருக வைத்தியர் ஒருவரையும் விசாரித்தார். மலைப்பக்கத்தில் உயர்ந்த இரட்டை வேலியிட்டு இத்தகைய கலப்புகளைப் பராமரிக்கும் ஒருவரின் விலாசம் கிடைத்தது. சொந்தக்காரரின் சம்மதம் மட்டும் வேண்டும். புதன்கிழமை மாலை ரொறன்ரோவுக்கு அழைத்தார். நான் அருகே இருந்தேன். கணேசலிங்கத்தின் குரல் எனக்கே கேட்டது.

"ஓநாயோ! அண்ணை, நீங்கள் மாடு பாத்த ஆள். உங்களுக்கு ஹஸ்கி எங்கால தெரியும்?"

"தம்பி, பக்கத்து வீட்டில குழந்தையள். ஒண்டைக் கடிச்சால் இதுகள் ரெண்டையும் கொல்லுவாங்கள். விலாசம் கிடைச்சிருக்கு. ஓம் எண்டு ஒரு சொல் சொல்லும்."

"சும்மா கதைக்காதேங்கோ. ஊரெல்லாம் ஹஸ்கி எண்டு சொல்லிப்போட்டு, இப்ப ஓநாய் எண்டால் என்னை என்ன நினைப்பினம்?"

"நான் இறைச்சி குடுத்துத்தான் வைச்சிருக்கிறன். அதையும் சொல்லிப்போடுறன்."

கணேசலிங்கத்தின் குரல் வெடித்தது. "என்ரை வீட்டிலயோ? சட்டிக்குள்ளயோ? வேதக்காரனை வீட்டுக்குள்ள விட்டது என்ரை பிழை!"

எமிலியானுஸ் ரிசீவரை மெதுவாக வைத்தார். அவரை நான் பார்க்கவில்லை; பார்க்க வெட்கமாயிருந்தது. நானும் சட்டி பிடிக்கிற ஆள்தான்.

அந்த ஒரு சொல்லை, 'ஓம்' என்பதை, கணேசலிங்கம் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் வியாழக்கிழமை, விரதத்தின் ஐந்தாம் நாள், குடும்பத்தைக் கோயிலில் விட்டுவிட்டு ஆறு மணி நேரம் காரோட்டி வந்து சேர்ந்தார். நெற்றியில் திருநீறு, வாய் நிறைய வசவு. நானும் எமிலியானுஸும் பார்த்துநிற்க, நேரே கராச்சுக்குள் போனார். ஜிம்மி தட்டில் தலைவைத்துத் தின்றுகொண்டிருந்தது.

"தம்பி, திண்டு முடியட்டும்! கிட்டப் போகாதேயும்!"

"நீர் எனக்குச் சொல்லாதேயும்! முதலில இந்த அசிங்கம் வெளியில போகவேணும்!"

குனிந்து, விலங்கின் வாய்க்குக் கீழிருந்த தட்டைப் பிடித்து இழுத்தார். ஜிம்மி உறுமியது. இரண்டாம் முறை இழுத்தார். முன்கையிற் பல் இறங்கியது. எமிலியானுஸ் ஓடிப்போய் ஒரு கோழித்துண்டை மூலைக்கு எறிந்தார். ஜிம்மி கையை விட்டுவிட்டு அதன்பின் போனது. எமிலியானுஸ் அதை அடிக்கவுமில்லை, கத்தவுமில்லை. பிறகு கணேசலிங்கத்தின் காயத்தைத் துவாயாற் கட்டி, அவரை என் காரில் ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல் போட்டார்கள்.

ஆஸ்பத்திரி அறிவித்ததால் வெள்ளிக்கிழமை, நாங்கள் மூவரும் நிற்க, ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். நாய் கடித்தாற் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிப்பார்கள்; பத்து நாளும் சுகமாயிருந்தால் விடுவார்கள். ஓநாய்க் கலப்புக்கு அந்தச் சலுகை இல்லை. விசர்நோய்த் தடுப்பூசி அவற்றிற் பிடிக்குமோ என்பது நிச்சயமில்லாததால், கொன்று மூளையைச் சோதிப்பார்கள். இந்த விதியை எமிலியானுஸ் அறிந்திருந்தார். முதல்நாள் மாலையே கணேசலிங்கத்துக்கு இரண்டு முறை விளக்கியுமிருந்தார்.

"என்ன இனம்?" என்று அதிகாரி கேட்டார்.

எமிலியானுஸ் வாய் திறக்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். உண்மையைச் சொன்னால் அந்த விலங்கு சாகும்.

"ஓநாய்!" என்றார் கணேசலிங்கம், ஆங்கிலத்தில், கட்டுப்போட்ட கையை உயர்த்தி. "எனக்கு ஏமாற்றி விற்றுவிட்டார்கள். இந்த ஆள் இறைச்சி கொடுத்து வெறி ஏற்றிவிட்டார். எல்லாவற்றையும் அவரே எழுதியிருக்கிறார், பாருங்கள்!" மேசையிற் கிடந்த கொப்பியை எடுத்து நீட்டினார். இரு நாள் முன்பு பொய் என்று தள்ளிய அதே செய்தியை, பழி தன்மேல் வராது என்று கண்டவுடன், ஆதாரத்தோடு கொடுத்தார்.

அதிகாரி ஆறு பக்கங்களையும் நின்றபடியே வாசித்தார். "இதை எழுதியவர் தொழில் தெரிந்தவர்" என்று எமிலியானுஸைப் பார்த்துச் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்.

"ரெண்டையும் கொண்டு போகச் சொல்லுங்கோ" என்றார் கணேசலிங்கம், எங்கள் பக்கம் திரும்பி.

"ராணி கடிக்கேல்லை" என்றார் எமிலியானுஸ். "அதை நான் பொறுப்பெடுக்கிறன். கையெழுத்து எங்கை வைக்கவேணும்?"

ஜிம்மியைக் கூட்டில் ஏற்றுவதற்கு அவரையே கேட்டார்கள். வேறு யாரிடமும் அது வரவில்லை. அவர் பின்னால் அது நடந்துபோய் ஏறியது. ஐந்து நாள் கழித்து அதன் மூளையைச் சோதித்த முடிவு வந்தது. நோயில்லை. ஜிம்மிக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

ராணியை மலைப்பக்கத்து வேலிக்குள் விட்டுவர என் காரிற் போனோம். றோசா மட்டும் புறப்படுகையில் வந்து, பிள்ளைகளின் சார்பில் அவர் கையைப் பிடித்து "மெர்சி" என்றாள். தமிழரில் ஒருவரும் அவ்வளவுகூடச் செய்யவில்லை. அவர்களுக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்துவிட்டது. அதைப் பரப்பியவர் யாரென்று நான் எழுதத் தேவையில்லை.

அடுத்த சித்திரையில், நானும் அங்கிருந்தபோது, எமிலியானுஸின் அறையில் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் கணேசலிங்கம்.

"அண்ணை, கோபம் கீபம் இல்லைத்தானே? ஒரு குட்டி எடுக்கப்போறன். இந்தமுறை நல்ல சாதி ஹஸ்கியா நீங்களே வந்து பாத்துச் சொல்லவேணும். உங்களைப் போலக் கண் ஆருக்கு இருக்கு?"

எமிலியானுஸ் எழுந்து நின்றார். கோபத்தில் அவர் குரல் உயர்ந்ததை வாழ்நாளில் அன்று ஒருமுறைதான் கேட்டேன்.

"கணேசலிங்கம், நீர் எந்த வீட்டில குட்டி எடுத்தாலும், அந்த வீட்டுக்கு நான் வருவன். வந்து, உமக்குக் குடுக்கவேண்டாம் எண்டு சொல்லுவன். அதுக்கு மட்டும்தான் வருவன்."