கொழும்பில் என் பிள்ளையைத் தந்த அம்மையப்பன்

அன்பர்களே, பாஷை தெரியாத ஊரில் பெற்ற பிள்ளையைத் தொலைத்தவள் நான். கொழும்புக் கடைவீதியில், மூடிய கடையொன்றின் படியில் உட்கார்ந்து, இனி உயிரோடு ஊர் திரும்புவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய ஒரு மாசி மாதத்தில், நானும் என் வீட்டுக்காரரும் மகன் முத்துவோடு கொழும்புக்குப் போனோம். முத்துவுக்கு மூன்று வயது. பிறந்த முடி இன்னும் எடுக்கவில்லை. எங்கள் மலைக்கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எடுக்க வேண்டும். தாய்மாமனான என் அண்ணனோ கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தார். "வந்து ஊரைப் பாருங்க, திரும்பறப்ப நானும் கூட வாரேன்" என்று சொல்லியனுப்பினார்.

தனுஷ்கோடியில் கப்பலேறினோம். பனமரத்துப்பட்டி ஏரியையே பெரிதென்று நினைத்திருந்த நான், கடலைப் பார்த்து வாயடைத்துப் போனேன். கொழும்பில் டிராம் வண்டியைப் பார்ப்பதா, துறைமுகத்துக் கப்பல்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் விழித்தேன். என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்தார். ஆனால் டிராம் மணி அடித்ததும் முதலில் துள்ளி ஒதுங்கியவர் அவர்தான்!

முடி எடுக்கும் முன் பையனைப் படம் பிடிக்க வேண்டுமென்று அண்ணிக்கு ஆசை. சடை பின்னி, பூ வைத்து, சீட்டிப் பாவாடை கட்டிவிட்டார். நம் பக்கம் வழக்கமாகச் செய்வதுதான். படம் எடுத்த பிறகு அதே கோலத்தில் அவனை நடத்திக்கொண்டு கடைவீதிக்கு வந்தோம். மூட்டை ஏற்றிய வண்டியொன்று குறுக்கே புகுந்தது. கூட்டம் சிதறியது. திரும்பிப் பார்த்தால் என் கையில் பிள்ளை இல்லை.

"மூணு வயசுப் பையனுங்க, பாத்தீங்களா?" என்று கடை கடையாகக் கேட்டோம். அண்ணன் சிங்களத்திலும் கேட்டார். எல்லோரும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் பையன் யாரும் வரவில்லை என்றார்கள். பொழுது சாய்ந்தது. துறைமுகம் பக்கத்தில்தான். தண்ணீரை நினைத்தாலே எனக்கு மூச்சு நின்றது.

"அழுகாத சாமி, கெடச்சிருவான்" என்றார் அண்ணன். அவர் குரலே உடைந்திருந்தது.

நான் கண்ணை மூடினேன். "அப்பா, உன் மலைக்கு வர வேண்டிய பிள்ளை. எனக்கு வேறு நாதியில்லை" என்று கதறினேன். கடல் தாண்டி அவர் காதில் விழுமா என்றுகூட ஒரு பயம். அப்போது மலைமேல் நிற்கும் எங்கள் அர்த்தநாரீசுவரர் என் கண்ணுக்குள் வந்து நின்றார். வலப்பக்கம் வேட்டி, இடப்பக்கம் சேலை. சன்னதியில் நின்றபோதுகூட அத்தனை துலக்கமாக நான் பார்த்ததில்லை. அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று மயிர்க்கூச்செறிந்தது. ஐயோ, முத்து எங்களுக்குத்தானே பையன்! பாவாடையும் சடையுமாக அவனைப் பார்த்தவர்களுக்கு?

"அண்ணா, பொட்டப்புள்ளையக் காணோம்னு கேளுங்கண்ணா!" என்று அலறினேன். எல்லோரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பிறகு அண்ணனுக்கும் விளங்கியது. ஓடினோம்.

அதே ஸ்டேஷன். அண்ணன் கேட்டதும் போலீஸ்காரர் உள்ளே போய் ஒரு பெண் குழந்தையை அழைத்துவந்தார். கையில் பாதி தின்ற வாழைப்பழம், தலையில் வாடிய பூ. "அம்மா!" என்று என் மேல் பாய்ந்தான் முத்து. பெயர் கேட்டபோதெல்லாம் "சாமி" என்றே சொல்லியிருக்கிறான். வீட்டில் அவனை அப்படித்தானே கூப்பிடுவோம்! என் வீட்டுக்காரர் அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டார். அதுவரை கோயிலுக்கு என் நச்சரிப்புக்காக வந்தவர் அவர்.

பங்குனியில் மலையேறி, அண்ணன் மடியில் வைத்து முடி எடுத்தோம். அன்றிலிருந்து அமாவாசை தவறாமல் என் வீட்டுக்காரர்தான் என்னை முந்திக்கொண்டு படியேறுகிறார்.

துன்பத்தில் தவிக்கும் சகோதரிகளே, எந்த ஊரில் இருந்தாலும் அவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் அவர் முகத்தையும் பாருங்கள். நான் என் பிள்ளையைக் காட்டு என்றுதான் கேட்டேன். அவர் தம்மைக் காட்டினார். அதிலேயே என் பிள்ளையும் இருந்தான்.