காலைப் பார்த்துப் பேசுகிறவள்

மரக்காணம் பக்கத்தில் வினோதினியைப் பிசியோதெரபிஸ்ட் என்று யாரும் கூப்பிடுவதில்லை. அந்தப் பெயர் பாதி பேர் வாயில் நுழையாது. நுழைந்தாலும் நடுவில் சிக்கிக்கொள்ளும். 'கரண்டு வைக்கிற அம்மா' என்பார்கள், 'மசாஜ் டாக்டர்' என்பார்கள். எக்கியார்குப்பத்தில் ஒரு பெரியவர் மட்டும் மரியாதையாக 'நரம்பு மேடம்' என்பார். எதற்கும் திரும்பிப் பார்ப்பாள். மசாஜ் என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் சிவந்துவிடும். நாலரை வருஷம் படித்தது உங்கள் முதுகில் எண்ணெய் தேய்க்கவா என்று கேட்டுவிட்டுத்தான் பையையே திறப்பாள்.

அவளுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. ஆள் எதிரே நின்று பேசினால் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலைப் பார்ப்பாள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது திமிராகத் தோன்றும். திமிரெல்லாம் இல்லை. தெருமுனையில் ஒருவர் திரும்பும்போதே இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, செருப்பு எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று கண் தானாக அங்கே போய்விடும். பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் நடையைப் பார்த்துவிட்டு, இவருக்கு நாற்பது வயதில் இடது முழங்கால் வலிக்கும் என்று அம்மாவின் காதில் ஓதினாளாம். அந்த மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டாள். வலி போன வருஷம் வந்துவிட்டது. கண்ணு வைத்தே வரவழைத்துவிட்டாய் என்று மனிதர் இன்றுவரை புலம்பிக்கொண்டிருக்கிறார்.

அம்மா தனகோடி உப்பளத்தில் தலைச்சுமை தூக்கியவள். மகள் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மார்க்கு கொஞ்சம் குறைந்து பிசியோதெரபிதான் கிடைத்தது. சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். படித்து முடித்ததும் புதுச்சேரியில் ஒரு தனியார் கிளினிக்கில் சேர்ந்தாள். காலையிலிருந்து இருட்டும்வரை ஆளைப் படுக்கவைத்து மிஷினை மாட்டுவது, மணி அடித்தால் கழற்றுவது. யார் வந்தார்கள், குணமாகிப் போனார்களா என்பதே தெரியாது. வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அரசாங்க வேலை வந்ததும், சம்பளம் குறைவு என்று தெரிந்தே தாவிவிட்டாள். கிறுக்கு பிடித்துவிட்டது என்றார்கள்.

கிறுக்குதான், வேறென்ன சொல்வது! ஆனால் அவள் ஸ்கூட்டரில் கடைத்தெருவைத் தாண்டும்போது கொஞ்சம் கூடவே போய்ப் பாருங்கள். மீன் கூடைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, தூக்க முடியாமல் கிடந்த கையை வானத்துக்கு உயர்த்திக் காட்டுவாள். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் அவளைக் கண்டதும் எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்து காட்டுவார். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் மாமா பட்டு வேட்டியோடு பந்தி நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு, "பாத்தியாம்மா?" என்றார். பாயசம் ஊற்ற வந்தவன் வாயைப் பிளந்து நின்றான். டாக்டரைப் பார்த்தால் கும்பிடுகிறார்கள். இவளைப் பார்த்தால் கையைக் காலை ஆட்டிக் காட்டுகிறார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த வீட்டுக்கு வண்டியை விடுவாள்.

ராஜாங்கம் வீட்டில் அவள் பட்ட பாட்டைச் சொன்னால்தான் அவள் யார் என்பது விளங்கும்.

ராஜாங்கம் உப்பளத்தை ஒட்டிய தெருவில் இருப்பவர். சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து, அறுபது வயதுக்கு மேலும் தானே இறங்கி உப்பு வாரியவர். மனைவி இல்லை. மகன் விஜயகுமாரும் மருமகள் சரண்யாவும் கூட இருந்தார்கள். அந்த வருஷம் கோடையில், வாரிக் குவித்த உப்பு கரையில் வெள்ளை வெளேரென்று நின்ற நேரத்தில், கடல் பக்கம் மேகம் கறுத்தது. கீற்றுப் போட்டு மூடச் சொன்னார் அப்பா. இது கலைந்துபோகிற மேகம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றான் மகன். விடிவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. அம்பாரம் இருந்த இடத்தில் சேறுதான் மிச்சம்.

ராஜாங்கம் மகனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் விஜயகுமாரைத் தின்றது. அந்த வாரமே ஒரு காலையில் பெரியவர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். மீதிக்கு வினோதினி வந்தாள்.

வந்து பார்த்தால் அங்கே பெரியவரைத் தரையில் விடாமல் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். சரண்யா ஊட்டிவிடுகிறாள். விஜயகுமார் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி உட்கார வைக்கிறான், தூக்கிப் படுக்க வைக்கிறான். பெற்ற பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்று தெருவே மெச்சுகிறது. வினோதினிக்குச் சுள்ளென்று ஏறியது.

"அவரு இன்னா கொலு பொம்மையா? நீங்களே எல்லாம் செஞ்சிட்டா அந்தக் காலுக்கு இன்னா வேலை இருக்குது?" என்று போட்டாளே ஒரு போடு, சரண்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் அவளே தணிந்து, பெரியவரின் வலது முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். அந்தத் துண்டை முழங்காலால் கீழே அழுத்த வேண்டும், பிடிக்க வேண்டும், விட வேண்டும். தொடைச் சதை விழித்துக்கொண்டால்தான் நிற்க முடியும். அழுத்தும்போது வாய்விட்டு எண்ணுங்கள் பெரியப்பா, எண்ணினால் மூச்சை அடக்கமாட்டீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், பேச்சே வராத மனிதரிடம் போய் இதைச் சொல்கிறோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். தானே 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணினாள். அவர் உத்தரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். சதை அசையவில்லை.

வாரம் ஒருமுறைதான் அவளால் வர முடியும். நடுவில் வீட்டில் இருப்பவர்கள்தான் செய்ய வைக்க வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், ஒவ்வொரு முறை தொட்டுப் பார்க்கும்போதும் அந்தத் தொடை கொஞ்சம் உரமேறியிருந்தது. நல்லா செய்ய வைக்கிறியே என்று சரண்யாவைத் தட்டிக்கொடுத்தாள். சரண்யா தரையைப் பார்த்தாள். அவளுக்கு வீட்டு வேலைக்கே பொழுது போதவில்லை. துண்டைச் சுருட்டி வைப்பதோடு சரி. பாராட்டை வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, பாவம்.

இப்படி இருக்கும்போதுதான் ராஜாங்கத்துக்குப் பேச்சு வந்தது. ஒரே ஒரு வார்த்தை.

"லாபம்."

முதல்நாள் வீடே துள்ளிக் குதித்தது. அடுத்த நாளும் அதே வார்த்தை. காலையில் லாபம், மத்தியானம் லாபம், தனியாகக் கிடக்கும்போதும் லாபம், லாபம், லாபம். பசிக்கிறதா என்று கேட்டால் வாய் கோணித் தவிக்கும், ஒன்றும் வராது. ஆனால் கட்டிலில் சாய்த்துவிட்டு அப்பால் போனால் அந்த வார்த்தை மட்டும் கணீரென்று வரும். விஜயகுமாருக்கு ஒவ்வொன்றும் கன்னத்தில் அறையாக விழுந்தது. உப்பைக் கரைத்தாயே, லாபம் எங்கேடா என்று அப்பா கேட்கிறார். வாய் இருந்தபோது கேட்காததை வாய் போனபிறகு கேட்கிறார். அவன் விடியுமுன் அளத்துக்குப் போய், எல்லோரும் திரும்பிய பிறகே வீட்டுக்கு வர ஆரம்பித்தான்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். அப்பாவைக் கிளியனூரில் இருக்கும் தன் தங்கை பாக்கியலட்சுமி வீட்டுக்கு அனுப்புவது.

வினோதினிக்கு இது பிடிக்கவில்லை. பாக்கியலட்சுமி நல்லவள்தான். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் பொழுதுக்கும் வயலில் நிற்பவர்கள். பெரியவர் அங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். கிளியனூர் அவள் பார்க்கும் ஊர்களிலும் சேராது. பக்கவாதத்தில் முதல் சில மாதங்கள்தான் மூளை வேகமாக வழி தேடும். இதைக் கோட்டைவிட்டால் மனிதர் எழுந்து நிற்பது பெரும்பாடாகிவிடும். அத்தனையும் விஜயகுமாரிடம் கத்தாத குறையாகச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

"எனக்குப் புரியுதுங்க மேடம். திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். அந்த ஒரு வார்த்தைய தினம் கேட்டுக்கினு என்னால இந்த வீட்ல இருக்க முடியல," என்றான்.

இவ்வளவு ஆனபிறகும் இந்த மனிதருக்குப் பிள்ளையைவிட உப்புக்காசு பெரிதா என்று ராஜாங்கத்தின்மேலேயே வினோதினிக்குக் கசப்பு வந்துவிட்டது.

அனுப்பும் நாள் வந்தது. வாசலில் வேன் நின்றது. பாக்கியலட்சுமி அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் புரட்டிப் படுக்கவைப்பது என்றாவது அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வினோதினி வந்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். வழக்கம்போலப் பார்வை முகத்துக்குப் போகவில்லை.

"லாபம்," என்றார் ராஜாங்கம்.

வாசலில் நின்ற விஜயகுமார் வேகமாகத் தெருவுக்கு இறங்கிப் போனான். பாக்கியலட்சுமி அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். வினோதினி பார்த்தது முழங்காலை. அது துண்டை அழுத்தியது. சற்று நின்று, தளர்ந்தது.

"லாபம்."

மறுபடி அழுத்தியது. அவள் குனிந்து தொடையில் கையை வைத்தாள். வார்த்தை வரும்போது சதை கல்லாக இறுகுகிறது. வார்த்தை முடிந்ததும் இளகுகிறது. அடுத்த வார்த்தைக்காக வாய் திறந்து திறந்து மூடுகிறது, வரவில்லை. உடனே மறுபடி முதலிலிருந்து. லாபம். அழுத்தல்.

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. உப்பளத்தில் கூடையை எண்ணும்போது முதல் கூடையை யாரும் 'ஒண்ணு' என்று சொல்லமாட்டார்கள். 'லாபம்' என்றுதான் எடுப்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. அவள் அம்மா அப்படி எண்ணி அவள் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்! தராசும் மூட்டையும் வந்தபிறகு சின்னவர்கள் அதை விட்டுவிட்டார்கள். இந்த மனிதர் விடவில்லை. அடிப்பாவி, எண்ணச்சொன்னதே நீதானே என்று தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் அவர் ஒருவராகவே எண்ணி, ஒருவராகவே அழுத்தி, முதல் எண்ணிலேயே நாக்கு சிக்கிக்கொண்டு, சலிக்காமல் திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"லாபம்," என்றாள் வினோதினி. முழங்கால் அழுத்தியது. விடாமல், "ரெண்டு," என்றாள்.

ராஜாங்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார். உதடு நடுங்கியது. "ரெ..." என்றார். "ரெண்டு." முழங்கால் அழுத்தியது. பெரியவரின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரை வழிந்தது.

வினோதினி வாசலுக்கு ஓடினாள். வேன் ஓரமாக நின்றவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அவரு உங்களை ஒண்ணும் கேக்கல அண்ணே. எண்ணிக்கினு இருக்காரு. எழுந்து நிக்கறதுக்காக எண்ணிக்கினு இருக்காரு."

அவனுக்குப் புரியவில்லை. கட்டிலருகே நிறுத்தி, அவன் கையை எடுத்து அப்பாவின் தொடைமேல் வைத்தாள். லாபம் என்றார் ராஜாங்கம். கைக்கு அடியில் சதை இறுகியது. விஜயகுமார் கையை வெடுக்கென்று எடுத்தான், மறுபடி வைத்தான். சின்ன வயதில் அம்பாரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து அப்பாவோடு கூடை எண்ணியவன்தானே! முகம் கோணி, பெரிய ஆம்பிளை, எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டான்.

அழட்டும் என்று வினோதினி கொஞ்சநேரம் விட்டாள். ரொம்ப நேரம் விடவில்லை, அது அவள் சுபாவம் இல்லை. பெரியவரை உட்கார வைத்து, கால்களைத் தரையில் ஊன்றச் செய்து, இடுப்பில் துண்டைக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். விஜயகுமாரை எதிரே நிற்கச் சொன்னாள். தூக்கக்கூடாது, தொடக்கூடாது, எண்ணினால் போதும் என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். அந்த வார்த்தை அவனுக்கு லேசில் வரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்து, "லாபம்" என்றான்.

ராஜாங்கம் எழுந்தார். வலது முழங்கால் வெடவெடவென்று ஆடியது, பின் நிமிர்ந்து நின்றது. "ரெண்டு," என்றான் மகன். "ரெண்டு," என்றார் அப்பா. "மூணு," என்றார்கள், யார் முதலில் சொன்னது என்று தெரியாமல் இரண்டு பேரும். அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, உப்பே இல்லாத வீட்டுக்குள் கூடை கூடையாக எண்ணிக்கொண்டு போனார்கள். வினோதினி துண்டிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தாள். அதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.