காயல்பட்டினத்தில் நான் பிரதி வைக்காத ஒரு படம்

போன ஜனவரியில் தூத்துக்குடிக் கடற்கரையில் நான்கு நாள் சுற்றிவிட்டு வந்தேன். அதைப் பற்றி இத்தனை மாதம் எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு ஒரு படம்தான் காரணம். ஒரு தாயும் மகனும் சேர்ந்திருக்கும் படம்; நான் எடுத்தது. இன்று அது என்னிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை. பயணத்தில் எடுக்கும் படங்களைத் தொலையாமல் காப்பது எப்படி என்று இந்தத் தளத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். வாசகர்கள் என்னிடம் அதிகம் கேட்பதும் அதைத்தான். அதனால் இதையும் எழுதாமல் இருப்பது நேர்மையில்லை என்று தோன்றியது. சரியாக எழுத வருமா என்பது வேறு விஷயம்.

முதலில் புதியவர்களுக்காக என் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். எழுபத்தொரு வயதுத் தோளுக்கு லேப்டாப் சுமை ஆகாது. என் கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடலாம். எடுக்கும் ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும்படி வைத்திருக்கிறேன். மாலை அறைக்குத் திரும்பியதும் கார்டு ரீடரைப் போனில் செருகி, ஒரு டி.பி. கொள்ளளவுள்ள கையடக்க எஸ்.எஸ்.டி. டிஸ்க்குக்குப் படங்களை நகலெடுப்பேன். பிறகு இன்னொரு பிரதி, பழைய ஹார்ட் டிஸ்க்கில். இரண்டிலும் எண்ணிக்கை சரியா என்று பார்த்து, நடுநடுவே சில படங்களைத் திறந்தும் பார்த்த பிறகுதான் கார்டுகளை ஃபார்மட் செய்வேன். எஸ்.எஸ்.டி. இடுப்புப் பையில் என்னோடு வரும். ஹார்ட் டிஸ்க் அறையிலேயே இருக்கும். ஒரே பையில் இரண்டையும் வைத்தால் இரண்டு பிரதி இருந்தும் பயனில்லை.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறேகாலுக்கு பஸ் ஏறினேன். ஒன்பதரைக்குத் தூத்துக்குடி. பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை, நாளுக்கு ஆயிரத்து நூறு. அறையில் வைஃபை உண்டு என்று சொன்னார்கள். உண்டுதான், ஆனால் ஒரு படத்தை கிளவுடில் ஏற்றுவதற்குள் நான் குளித்துவிட்டு வந்தேன். ஆகவே கடலோர ஊர்களில் கிளவுடை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

சுற்றிப் பார்க்க ஆட்டோ வைத்துக்கொண்டேன். ஓட்டுநர் அந்தோணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும்; வாய் ஓயாதவர். நாள் வாடகை ஆயிரத்து ஐந்நூறு, டீசல் அவருடையது. முதல் நாள் மதியம் உப்பளங்களுக்குப் போனோம். துறைமுகத்துக்குள் அனுமதியில்லாமல் படம் எடுக்க முடியாது. நான் முயலவும் இல்லை. உப்பளத்தில் ஒரு எச்சரிக்கை: அங்கே காற்று சும்மா இருக்காது, அதில் உப்பும் ஈரமும் இருக்கும். வெட்டவெளியில் கேமராவைத் திறந்து கார்டு மாற்றாதீர்கள். நான் ஆட்டோவுக்குள் துண்டை விரித்து, முதுகைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு மாற்றினேன். அந்தோணி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு படத்த எத்தன எடத்துலதான் சார் வைப்பீய?"

சொன்னேன். கார்டு இரண்டு, அது போக டிஸ்க் இரண்டு.

"எங்க வீட்டுக்காரி நகையே ஒரே டப்பாலதான் கெடக்கு. அதுவும் பாதி நாளு அடகுக் கடையில."

மறுநாள் வடக்கே கீழவைப்பாருக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முக்கால் மணிக்கு மேல் ஆகிறது. ஓடும் ஆட்டோவில் ஹார்ட் டிஸ்க்கை இயக்காதீர்கள். உள்ளே சுழலும் தகடு குலுக்கலைத் தாங்காது. எஸ்.எஸ்.டி.க்கு அந்தக் கவலை இல்லை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் முத்துக்குளிப்பு பற்றிக் கேட்டேன். "முத்தா? அதெல்லாம் எங்கய்யா காலத்துலயே முடிஞ்சிட்டு. இப்பம் சங்குக்குத்தான் முங்குதாவ. முத்து வேணும்னா டவுன்ல கடையில வாங்குங்க, அது எந்த ஊரு முத்தோ!" என்று சிரித்தார். அன்று நூற்று எண்பது படங்கள். மாலையில் எல்லாம் இரண்டு இடத்திலும் ஒழுங்காகச் சேர்ந்தன.

மூன்றாம் நாள்தான் காயல்பட்டினம். தூத்துக்குடியிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆறுமுகநேரி வழியாகப் போனோம். அந்தோணியைப் பெரிய தெருவில் நிற்கச் சொல்லிவிட்டு நான் நடந்தேன். இரண்டு வரிசை வீடுகளின் பின்பக்கங்களுக்கு நடுவே ஒரு குறுகிய சந்து. சுவரில் வெயில் சரிந்து விழுந்திருந்தது. உள்ளே பத்தடி போய் இரண்டு படம் எடுத்தேன்.

"சார்! சார்! இங்கன வரப்புடாது. இது பொம்பளைய நடக்குத முடுக்கு."

வெள்ளைச் சட்டையும் கைலியுமாக ஒருவர் தெருப் பக்கம் நின்றார். அந்த ஊரில் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வர இப்படிச் சந்துகள் இருப்பதும், ஆண்கள் அவற்றில் நடப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியாது. படித்துவிட்டுப் போயிருக்கலாம். வியர்த்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, கேமராவை அவர் பக்கம் திருப்பி இரண்டு படங்களையும் அழித்தேன்.

"இதுல பொம்பளைய யாரும் விழலியே சார். சுவருதான ஈக்கு."

"இருந்தாலும் வேண்டாம் தம்பி."

அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்து, "வாங்கோ, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றார்.

பெயர் சாகுல். வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை. விடுமுறை முடிந்து மறுநாளைக்கு மறுநாள் விமானம். அந்த ஊரில் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவாராம். ஆகவே அவர் குடியிருப்பது மனைவி வீட்டில். தினமும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் தாய் வீட்டுக்கு வந்துபோவார். என்னை அழைத்துப் போனது தாய் வீட்டுக்கு. முன் அறையில் உட்கார்ந்தேன். உள்வாசலில் திரை, அதற்கப்பால் அவருடைய தாய் இருப்பது குரலில்தான் தெரிந்தது. சாகுல் என் கதையைச் சிரிக்கச் சிரிக்க அவரிடம் சொன்னார். பிறகு பேச்சு மாறியது.

"உம்மா, சார்ட்ட கேமரா ஈக்கு. நம்ம ரெண்டு பேரும் ஒரே ஒரு படம்."

"வேண்டாம் வாப்பா. போன கல்யாணத்துல ஒருத்தி போன்ல எடுத்தா. சிங்கப்பூர்ல ஈக்கிறவன் வரைக்கும் பாத்துட்டான்."

"ஒங்க ஆதார் படத்தத்தான் அங்க வச்சுப் பாக்குறேன். அதுல என்ன அடிக்க வாறாப்ல ஈக்கிறீங்க."

"அடிக்கத்தான் வேணும் ஒன்ன."

திரைக்கு அப்பால் சிரிப்பு. பிறகு அவர் சொன்னார்:

"எடுத்தத அவங்களே அழிச்சாங்கண்டு சொன்னியே. அவங்கண்டா எடுக்கட்டும். ஒன் கையில குடுத்துட்டு அழிச்சிடணும். ஒன்கிட்ட மட்டும் ஈக்கட்டும். நீயும் யாருக்கும் அனுப்பப்புடாது."

வந்து உட்கார்ந்தார். அறுபத்தைந்து, எழுபது வயது, முக்காடு போட்டிருந்தார். சாகுல் பக்கத்தில் நின்றார். நான்கு படம் எடுத்தேன். மூன்றாவது எடுக்கும்போது மகனின் சட்டைக் காலர் மடிந்திருந்ததைப் பார்த்துக் கையை நீட்டினார், அப்படியே சிரித்தும்விட்டார். கேமராவின் திரையில் நான்கையும் காட்டினேன். அந்த மூன்றாவதையே அவர் விரலால் தொட்டார்.

கார்டு ரீடரைச் சாகுலின் போனில் செருகி அந்தப் படத்தை மட்டும் ஏற்றினேன். திறந்து பார்த்தார், நன்றாக இருந்தது. கார்டில் நான்கையும் அழித்தேன். அவர்கள் முடிந்தது என்று நினைத்தார்கள். "இன்னொரு கார்டிலும் இருக்கிறது" என்று சொல்லி, அதிலிருந்தும் அழித்துக் காட்டினேன்.

"நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரியவா போவுது!" என்றார் சாகுல். எல்லாவற்றையும் ஏன் இப்படிப் பல இடத்தில் வைக்கிறேன் என்று கேட்டார். எஸ்.எஸ்.டி.யை எடுத்துக் காட்டி விளக்கினேன். வாத்தியார் புத்தி, விளக்கத் தொடங்கினால் நிறுத்த வராது.

விளக்கி முடித்துப் பையை மூடும்போது, பிளாஸ்டிக் டப்பியில் இருந்த உபரி கார்டு விரலில் பட்டது. முப்பத்திரண்டு ஜி.பி., புதிது. 'இதிலும் ஒரு பிரதி போட்டுத் தருகிறேன், பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல நினைத்தேன். தொண்டை வரை வந்தது. இப்போதுதான் நுழையக் கூடாத சந்தில் நுழைந்து மன்னிக்கப்பட்டவன். அழித்துவிட்டேன் என்று சொன்ன கையோடு இன்னொரு பிரதி என்று பேச்செடுத்தால் அந்த அம்மா என்ன நினைப்பார்? சொல்லவில்லை. என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு டீக்கு நன்றி சொல்லிக் கிளம்பினேன். மகனிடம் மட்டும் இருக்கட்டும் என்றுதான் அவர் சொன்னார். ஒரே ஒரு போனில் மட்டும் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அன்று மாலை வழக்கம்போல நகலெடுத்து, கார்டுகளை ஃபார்மட் செய்தேன். நான்காம் நாள் மணப்பாடு. திருச்செந்தூரைத் தாண்டி இன்னும் தெற்கே. மேட்டில் நின்றால் ஊரும் கடலும் ஒன்றாகத் தெரியும். காலை வெளிச்சத்துக்குப் போவது நல்லது. ஆசையாக நிறைய எடுத்தேன், வீடியோவும். இரண்டு கார்டும் நிரம்பிவிட்டன.

ஆகஸ்டில் ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு. சாகுல்.

"உம்மா போன வெள்ளிக்கிழமை மவுத்தாயிட்டாங்க சார். எனக்கு வர முடியல."

தாயை இழந்தவருக்கு ஆறுதலாக ஏதோ சொன்னேன்.

"அந்தப் போனு ஜூன்லயே கிரேன் அடியில விழுந்து நொறுங்கிட்டு. லீவுல வந்து இன்னொண்ணு எடுத்துக்கிடலாம்ண்டு விட்டுட்டேன். சார், நீங்க எல்லாத்தையும் ரெண்டு மூணு எடத்துல வைப்பீங்களே. எங்கயாச்சும் ஒரு மூலையில..."

"அழித்துவிட்டேன் தம்பி."

"ஆமா சார். என் முன்னாலதான அழிச்சீங்க. உம்மா சொன்னபடிதான செஞ்சீங்க" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அழித்த படத்தை மீட்கும் மென்பொருட்கள் உண்டு. அழித்த இடத்தில் புதிதாக எதுவும் எழுதாமல் இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். அதைச் செய்து பார்க்கலாமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அவரோடு போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா? இரண்டு நாள் யோசித்துவிட்டு மகனையே கேட்டேன்.

"எடுத்துப் பாருங்க சார். உம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

இரண்டு கார்டுகளையும் மதுரையில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். மூன்று நாள் கழித்துக் கொடுத்தார்கள். மணப்பாட்டுக் கடலும் அதற்குப் பிறகு எடுத்தவையும்தான் வந்தன. அந்த நான்கு படங்கள் இருந்த இடத்தின் மேல் மறுநாளே அலைகளை எழுதி முடித்திருந்தேன். நான் கொஞ்சம் சோம்பேறியாக இருந்து கார்டை ஃபார்மட் செய்யாமல் புதுக் கார்டு போட்டிருந்தால், படம் கிடைத்திருக்கும்.

செய்தியைச் சொன்னபோது சாகுல் ஒன்று கேட்டார். "அந்தப் படத்துல என்னெல்லாம் இருந்திச்சுண்டு எழுதி அனுப்புறீங்களா சார்? எனக்கு ஞாபகம் ஈக்கு. ஆனாலும் வேற ஆளு சொல்லிக் கேக்கணும்."

உட்கார்ந்து எழுதினேன். மர நாற்காலி. இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சம். வெள்ளை முக்காடு. மகனின் காலரை நோக்கி நீண்ட வலது கை. அதில் ஒரே வளையல். வாய் பாதி திறந்த சிரிப்பு. இதற்குமேல் எழுத வரவில்லை. நான் பார்த்தது வெளிச்சத்தையும் கூர்மையையும்தான்; அந்த முகத்தைப் பார்க்க எனக்கு நேரமிருந்தது, நான் பார்க்கவில்லை.

மறுநாள் பதில் வந்தது: "முக்காடு வெள்ளை இல்லை சார், இளம்பச்சை. பெருநாளைக்கு நான் வாங்கிக் கொடுத்தது. மற்றதெல்லாம் சரி."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். மதியம் மட்டும் வெயில் சுடும். கார்டையும் டிஸ்க்கையும் ஜிப் கவரில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். பயணம் முடியும் வரை கார்டுகளை ஃபார்மட் செய்யாதீர்கள். இப்போது கார்டு விலை குறைவு, இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் குறுகிய சந்துக்குள் நுழையும் முன் யாரையாவது கேளுங்கள்.

இன்னொன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒருவரைப் படமெடுத்து அவர்களிடமே கொடுத்துவிட்டு அழிக்கச் சொன்னால், அழியுங்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் அழிக்கும் முன், அவர்கள் கையில் அது இரண்டு இடத்தில் சேர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் பையிலிருக்கும் கார்டிலோ பென் டிரைவிலோ போட்டு அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். தவறாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.