முழுகாத வெள்ளிக்கிழமைகள்

அந்தப் படத்தை அண்ணிக்குக் காட்டியே தீர வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். ஓக்லாந்து நகரத்துக் காட்சிக்கூடத்தில் பழைய பிரெஞ்சு லித்தோகிராப் படங்கள் வந்திருந்தன. கல்லில் வரைந்து, நிறத்துக்கு ஒரு கல்லாக, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டவை. அண்ணன் வீட்டில் தங்கி, பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு எடுத்திருந்த எனக்கு வேறு நினைப்பே இல்லை. அதிலும் அந்த ஒரு படம். ஒருத்தி முதுகைக் காட்டியபடி தகரத் தொட்டிக்கு மேல் குனிந்து பிடரியைக் கழுவுகிறாள். பக்கத்தில் மஞ்சள் ஜாடி. அவ்வளவுதான். ராணி இல்லை, தேவதை இல்லை. காலையில் குளிக்கிற ஒரு பெண்.

அண்ணி அப்போது முழுகுவதை, தலைக்குக் குளிப்பதை, நிறுத்தியிருந்தார். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் மொத்தமாக வெளிக்கிட்ட நாட்கள் அவை. அண்ணியின் அம்மாவும் அந்தக் கூட்டத்தோடு நடந்தவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. வெள்ளி தவறாமல் நல்லெண்ணெய் வைத்து முழுகுகிற அண்ணி, தலை நனையாமல் மேலுக்கு மட்டும் வார்த்துக்கொண்டு வந்தார். சான்ட்ரிங்ஹாம் இந்தியக் கடையில் நான் வாங்கிக் கொடுத்த சீயக்காய்ப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. "முழுகுங்கோ அண்ணி, மனம் கொஞ்சம் லேசாகும்" என்று வெள்ளிக்கு வெள்ளி நச்சரித்தேன். என் அம்மா கொழும்பில் பத்திரமாக இருந்தார். அப்படிச் சொல்வது எனக்குச் சுலபம்.

ஒரு சனிக்கிழமை அண்ணியைப் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போய்ப் படத்தின் முன்னால் நிறுத்தினேன்.

"பாருங்கோ, அந்த ரோஸ் நிறம் தோளிலை கோட்டைத் தாண்டிப் போயிருக்கு. கல்லைச் சரியாப் பொருத்தேல்லை. ஆனா அதாலைதான் தோலுக்கு உயிர் வந்திருக்கு."

அண்ணி கோட்டைப் பார்க்கவில்லை. "இவள் ஏன் முகத்தைக் காட்டேல்லை?"

"ஆரும் பாக்கினம் எண்டு அவளுக்குத் தெரியாது. அதுதானே இதிலை விசேஷம்."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு விளக்கமடி" என்று லேசாகச் சிரித்தார். பிறகு, "எனக்கென்னவோ இவள் செத்தவீட்டுச் செய்தி கேட்டு முழுகிற மாதிரிக் கிடக்கு" என்றார்.

நான் அண்ணியின் பக்கம் திரும்பினேன்.

"நான் இப்ப முழுகினா அம்மாவுக்கு முழுகின மாதிரிப் போயிடும், பிள்ளை. நீ என்னெண்டால் முழுகு முழுகு எண்டு நிக்கிறாய்."

சாவுச் செய்தி கேட்டால் உடனே தலையில் தண்ணீர் வார்க்கிற வழக்கம் எனக்குத் தெரியாததா? தெரிந்தும் என் மண்டையில் உறைக்கவில்லை. அண்ணியின் கண் கலங்கியிருந்தது. கையைப் பிடித்திருக்க வேண்டும். அந்த நேரத்திலும் என் கண் கோட்டைத் தாண்டிய அந்த ரோஸ் நிறத்துக்கே போனது. திரும்பும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்து அலமாரியின் பின்பக்கம் தள்ளினேன்.

சில வாரங்கள் கழித்து மவுண்ட் வெல்லிங்டனில் வேலையிடத்திலிருந்து அண்ணன் போன் எடுத்தான். அவனோடு வேலை செய்பவரின் உறவுக்காரர் அண்ணியின் அம்மாவைக் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டிருக்கிறார். உயிரோடு. அண்ணி ரிசீவரைப் பிடித்தபடி குசினியில் அடுப்புக்குப் பக்கத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வெள்ளி காலை அலமாரியைத் துழாவும் சத்தம் கேட்டது. பிறகு குளியலறையிலிருந்து குரல்.

"இஞ்சை வா, தண்ணி ஊத்து."

சற்று முன்தான் நான் அங்கே ஆற அமரச் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வந்திருந்தேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அண்ணி எண்ணெய்த் தலையோடு தொட்டிக்கு மேல் குனிந்திருந்தார். என் கை சுடுதண்ணீர்க் குழாய்க்குப் போனது.

"அது வேண்டாம். அங்கை அம்மா ஒரு வாளித் தண்ணிக்குக் கிணத்தடியிலை வரிசையிலை நிக்கிறா. எனக்குப் பச்சைத்தண்ணியே காணும்."

குளிர்ந்த தண்ணீரைப் பிடரியில் ஊற்றினேன். தோல் சிலிர்த்துக்கொண்டது. கண்ணாடியில் என் சுடுதண்ணீரின் ஆவி இன்னும் கலையவில்லை.

"என்னடி, குளிருறது எனக்கு. நீ ஏன் ஊத்தாமல் நிக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அண்ணி" என்று அடுத்த ஜக்கை நிரப்பினேன்.