முடிவு இருக்கிற கேம்

ஒரே பாதையில் கொண்டுபோகிற கேமில்தான் கதை உருப்படியாக இருக்கும், இஷ்டத்துக்குத் திரிய விடுகிற கேமில் கதை நீர்த்துப்போய்விடும் என்று என் ஆபீஸ் பையன்கள் மதியச் சாப்பாட்டின்போது அடித்துக்கொள்வார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது. தொண்ணூறுகளில், ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் நைனா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அந்த இரண்டு வகையும்தான் எங்கள் வீட்டு டிவியில் ஓடின.

நைனாவுக்கு இதயம் வீங்கிவிட்டது. கக்கூஸ் வரை நடந்தாலே மூச்சு வாங்கும். ரிட்டயராக இன்னும் சில மாதங்கள் இருக்கும்போது மெடிக்கல் லீவில் வந்து படுத்தார். அண்ணன் ஐடிஐ முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் வந்ததும் சிநேகிதனிடம் கேட்டு வாங்கிய டிவி கேமை மாட்டிக்கொண்டு நைனாவின் கட்டிலோரம் உட்கார்ந்துவிடுவான். கேட்டால் பொழுதுபோக்கு என்பான். மண்ணாங்கட்டி. அவரைத் தனியாக விட அவனுக்குப் பயம்.

இருந்தது இரண்டு கேசட். ஒன்றில் ஒரு சிப்பாய். வலது பக்கம்தான் ஓட முடியும், திரும்பி வர முடியாது, மேலே நேரம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் ஒரு கோட்டை, அதற்குள் ஒரு ராட்சசன், அவனைக் கொன்றால் கதை முடிந்தது. இன்னொன்றில் காடு, ஆறு, சின்னச் சின்ன ஊர்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாம், வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசலாம். ஆனால் பேச்சு முழுக்க ஜப்பான் எழுத்தில் வரும். எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியாததால் அண்ணனே அவர்களுக்குப் பேச்சு வைத்தான்.

"இன்னாடா சொல்றான் அந்தக் கெயவன்?" என்பார் நைனா.

"மாங்காட்டு பஸ்சு போயிடுச்சான்னு கேக்கறான் நைனா. காலைலேர்ந்து நின்னுகினு கீறானாம்."

நைனா சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும், அடுப்படியிலிருந்து அம்மா இரண்டு பேரையும் திட்டுவாள். அந்தக் கேமில் யாரையோ காப்பாற்ற வேண்டும் என்று ஏதோ ஒரு கதை இருந்திருக்க வேண்டும். அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை. நாம் போகிறவரை அது அங்கேயே காத்திருக்கும், யாரும் சாக மாட்டார்கள். அதனால்தான் அவனுக்கு அது பிடித்தது என்று நினைக்கிறேன்.

குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. வேலையில் இருக்கும்போதே ஆள் போய்விட்டால் பிள்ளைகளில் ஒருவர் அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை கேட்கலாம். ரிட்டயரான பிறகு போனால் ஒன்றும் கிடையாது. அதனால் யாராவது பெரிய நோயில் படுத்தால் எங்கள் ஜனங்கள் மனசுக்குள் காலண்டரைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கெட்டவர்கள் இல்லை. "போகும்போது புள்ளைக்கு வழி பண்ணிட்டுப் போனாரு" என்று சாவு வீட்டில் மனசார மெச்சுகிறவர்கள்தான்.

தொழிற்சாலையில் நைனாவோடு ஒரே ஷாப்பில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். நைனா தூங்குகிறார் என்று நினைத்து, வாசலில் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஆவறது ரிட்டயர்மெண்டுக்கு முன்னாடி ஆயிட்டா பையனுக்காச்சும் ஒரு வழி பொறக்கும், அண்ணி."

பிளஸ் டூ புத்தகத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு அந்த பாட்டிலை அவர் மண்டையிலேயே போட வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் நைனா கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவர் அண்ணனிடம், "ஊர் சுத்துறது வேணாண்டா. சிப்பாயைப் போடு. அதுல முடிவுன்னு ஒண்ணு கீது" என்றார். அதற்குப் பிறகு தினமும் அதுதான். கோட்டையைப் பார்க்க மாட்டார், மேலே குறைகிற நேரத்தையே பார்ப்பார். ஆளும் நாளுக்கு நாள் மோசமானார். பாதம் வீங்கியது, முகம் ஊதியது. டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்த்தார், கேட்கவில்லை.

ஒருநாள் அம்மா தலையணை உறையை உருவி உதறினாள். உள்ளேயிருந்து மாத்திரைகள் தரையெல்லாம் சிதறின. எங்கள் கண் முன்னால் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்த மாத்திரைகள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "இன்னா நைனா இது?" என்றான்.

"உனக்கு ஒரு வேலை வேணும்ல" என்றார் அவர். சந்தையில் காய் வாங்குவது பற்றிப் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அண்ணன் சிப்பாய் கேசட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தான். அன்றிலிருந்து மாத்திரையைப் பொடித்து அவனே ஊட்டினான். நாக்கைத் தூக்கச் சொல்லி வாய்க்குள் பார்த்தான். நைனா கெஞ்சினார், கெட்ட வார்த்தையில் திட்டினார், ஒருமுறை அவன் கையைக் கடித்தே விட்டார். அவன் விடவில்லை. ஊர் சுற்றுகிற கேசட்டைப் போட்டுக் கதையும் சொன்னான். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பான்.

வீக்கம் வடிந்தது. ரிட்டயர்மெண்ட் நாளும் வந்தது. அவரால் போக முடியாததால் ஷாப் ஆட்களே வீட்டுக்கு வந்து, கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, மாலையும் சால்வையும் போட்டுப் படம் எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கைதட்டினார்.

எல்லாரும் போன பிறகு, மாலையோடு உட்கார்ந்திருந்த நைனா அண்ணனைக் கிட்டே கூப்பிட்டார்.

"மன்னிச்சுக்கோடா. நானும் இன்னா இன்னாவோ பண்ணிப் பாத்தேன். உயிரு போவல."

அண்ணன் அவர் மடியில் முகத்தை வைத்துக் கேவிக் கேவி அழுதான். நைனா அவன் தலையைத் தடவியபடி, "இனிமே வேலைக்கு இன்னாடா பண்ணுவ, இன்னாடா பண்ணுவ" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.