மணமகளுக்கு ஏசி கார்

சென்ற ஏப்ரலில் என் பழைய காருக்கு ஒரு கௌரவம் கிடைத்தது. மணமகள் ஊர்தி!

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஜோசப். அவர் மகள் ஷீலாவுக்கு பிரேசர் டவுன் சர்ச்சில் கல்யாணம். எங்கள் தெருவிலேயே ஏசி உள்ள கார் என்னுடையது ஒன்றுதான். உள்ளது என்றுதான் சொன்னேன்... குளிரும் என்று சொல்லவில்லை.

"அண்ணா, பொண்ணுக்கு மேக்கப் கலையக் கூடாது. உங்க ஏசி கார்தான் வேணும்" என்றார் திருமதி ஜோசப்.

மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா?

முதல் மெக்கானிக், "கேஸ் கம்மி சார்" என்று கேஸ் நிரப்பினார். ஒரு வாரம் குளிர்ந்தது. அப்புறம் கேஸ் காற்றோடு போயிற்று. இரண்டாமவர் முன்பக்கம் இன்னொரு ஃபேன் மாட்டினார். சத்தம் மட்டும் மாவு மில் அளவுக்கு முன்னேறியது. மூன்றாமவர் கன்னடத்துக்காரர். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "பெங்களூருக்கு ஏசி யாக்கே சார், எதுக்கு?" என்றார். மூவரில் எனக்குச் செலவு வைக்காத ஒரே நல்லவர்!

கல்யாண நாள். திருமதி ஜோசப் முன்னாலேயே சர்ச்சுக்குப் போய்விட்டார். பின் சீட்டில் ஷீலா, பக்கத்தில் கோட்டு சூட்டில் ஜோசப். இருவருக்கும் நடுவே இன்னொருவர் உட்காரும் இடைவெளி. மாப்பிள்ளையை ஷீலாவே தேர்ந்தெடுத்த நாளிலிருந்து ஜோசப் அவளிடம் பேசுவதில்லை. கல்யாணத்துக்கு வருவாராம். ஆனால் சர்ச்சுக்குள் கைபிடித்து அழைத்துப் போக மாட்டாராம். அந்த வேலை சித்தப்பாவுக்கு.

ஏசியைப் போட்டேன். ஒருவர் பேசினால் இன்னொருவருக்குக் கேட்காத இரைச்சல். பேசாத குடும்பத்துக்கு எவ்வளவு வசதி!

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்ற காரில் ஏசி அனலாக ஊதியது. எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. வேறு வழியில்லை — எல்லாவற்றையும் அணைத்து ஜன்னல் கண்ணாடிகளை இறக்கினேன்.

திடீரென்று அப்படி ஓர் அமைதி.

ரயில் வருகிற வழியாய்க் காணோம். ஷீலாவின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண் மையைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. வியர்வை மட்டும்தானா என்று டிரைவர் சீட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்த எனக்குச் சந்தேகம்.

ஜோசப் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"இந்தா... மை வழியுது."

அவள் வாங்கிக்கொண்டாள். துடைக்கவில்லை. "கோட்டைக் கழட்டுங்க டாடி. முதுகெல்லாம் நனைஞ்சிருக்கு."

"கழட்டிட்டு எப்படி சர்ச்சுக்குள்ள உன்னைக் கூட்டிட்டுப் போறது?"

நான் திரும்பிப் பார்க்காமலிருக்க மிகவும் கஷ்டப்பட்டேன்.

"சித்தப்பா கூட்டிட்டுப் போறதா..."

"அவன் கிடக்கான். நான் எதுக்கு இருக்கேன்?"

அப்புறம் அவள் அழுதது நிச்சயமாக வியர்வை இல்லை. கேட் திறந்தது. பின்னால் நின்ற ஆட்டோக்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. சர்ச் வாசலில் மணமகள் மழையில் நனைந்தவள் போல இறங்கினாள். பாதி மை அவள் கன்னத்தில், மீதி அவள் அப்பாவின் கோட்டில். பார்த்தவர்களுக்கு எல்லாமே அழுகைதான். கை கோத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

கல்யாணம் முடிந்த பிறகு நான்காவது மெக்கானிக் ஒருவர் டாஷ்போர்டைக் கழற்றினார். கூலிங் காயிலை அடைத்துக்கொண்டு காய்ந்த இலை, பஞ்சு, எலி கட்டிய கூடு! சுத்தம் செய்ததும் பிரிட்ஜ் தோற்றது.

போன ஞாயிறு ஜோசப் தம்பதியை அதே காரில் சர்ச்சுக்கு அழைத்துப் போனேன். சில்லென்ற காற்று முகத்தில் பட்டதும் திருமதி ஜோசப் சொன்னார்:

"கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தானே குளுகுளுன்னு இருந்திருக்கும்? அதான் இவர் மனசும் குளிர்ந்து போச்சு!"

ஜோசப் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.

"ஆமாங்க, அன்னைக்கு நல்ல கூலிங்" என்றேன் நான்.