கேட்காமலே எழுதிய ‘இல்லை’

சிஸ்டர் தன் ஆள்காட்டி விரலைக் கணினித் திரையில் வைத்து, எடுக்காமல் அப்படியே நின்றார். பயிற்சி வகுப்பின் கடைசி நாள் அது. மற்ற செவிலியர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நான் புரொஜெக்டரின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க சார், நா இன்னும் கேக்கவே இல்லீங்க. அதுக்குள்ள இது ‘இல்லை’ன்னு சொல்லுதுங்களே?”

அவர் விரல் வைத்திருந்த இடம், புதிய நோயாளியைச் சேர்க்கும் படிவத்தில் ‘மருந்து ஒவ்வாமை’ என்ற கட்டம். படிவம் திறக்கும்போதே அதில் ‘இல்லை’ என்று விழுந்திருக்கும். இருக்கிறது என்றால் செவிலியர் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். “மாத்திக்கலாங்க சிஸ்டர், ஒரு கிளிக்தான்” என்றேன். “மாத்தறது செரிங்க. மாத்த மறந்துட்டா?” என்றார். நான் சிரித்துக்கொண்டே, “மறக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வயரைப் பையில் திணித்தேன். மறுநாள் காலை இந்தக் கணினி முறைக்குத் திறப்பு விழா. எனக்கு அவசரம்.

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், அயோத்தியாப்பட்டணம் தாண்டி இருக்கும் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனை அது. பெயர் வேண்டாம். கேஸ் ஷீட்டுகளை ஒழித்து எல்லாவற்றையும் கணினிக்குள் கொண்டுவர நிர்வாகம் முடிவு செய்தபோது, அந்த வேலை எனக்கு வந்தது. ஏற்கெனவே துணி ஏற்றுமதிக் கம்பெனிக்கும் லாரி அலுவலகத்துக்கும் மென்பொருள் எழுதியவன் நான். சரக்கு எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்பதைப் போலத்தான் மருத்துவமனையும் இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்றைக்கு எழுதும்போதுகூடக் கூசுகிறது.

சிஸ்டர் ஆண்கள் பொது வார்டின் இன்சார்ஜ். திருச்செங்கோட்டுப் பக்கம். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். எங்கள் ஆறு மாத வேலையில் எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தவர் அவர்தான். மற்றவர்கள் தலையாட்டிய இடத்தில் எல்லாம் அவர் ஒரு கேள்வி கேட்பார். ‘டிஸ்சார்ஜ்’ பொத்தானும் ‘இறப்பு’ பொத்தானும் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று ஒருநாள் கேட்டார். அதை நகர்த்தினேன். ஆளைப் பார்த்தாலே மனசுக்குள் ஓர் எரிச்சல் எழும். அவர் சொன்னது சரியென்று தெரிந்த பிறகு அந்த எரிச்சல் இன்னும் கூடும்.

ஒவ்வாமைக் கட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு. ஆரம்பத்தில் அதை வெறுமையாகத்தான் விட்டிருந்தேன். நிரப்பாமல் படிவத்தைச் சேமிக்க முடியாது என்றும் வைத்திருந்தேன். சோதனை ஓட்ட வாரத்தில் அட்மிஷன் மேசை முன்னால் வரிசை வாசல்வரை நின்றது. அவசரத்தில் செவிலியர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துச் சேமித்தார்கள். சிலர் ஒற்றை எழுத்தைத் தட்டினார்கள். அறிக்கை எடுத்துப் பார்த்தால் ஒவ்வாமைப் பத்தி முழுக்கப் புள்ளிகள். கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, “என்னய்யா இது, கோலம் போட்ட மாதிரி இருக்கு? விழாவுக்கு வர்றவங்ககிட்ட இதையா காட்டுறது?” என்றார். அவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். கோபக்காரர், ஆனால் கெட்டவர் அல்ல. அன்று மாலையே உட்கார்ந்து, படிவம் திறக்கும்போது ‘இல்லை’ என்று தானாக வரும்படி ஒரு வரி எழுதினேன். ஒரு நிமிட வேலை. வரிசை ஓடத் தொடங்கியது. அறிக்கை அழகானது. பெரிய டாக்டர் என் தோளைத் தட்டினார்.

விழா நடந்து இரண்டாவது மாதம், ஒரு புதன்கிழமை மதியம். பனமரத்துப்பட்டியிலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி காலில் இறங்கி, நாலைந்து நாள் கவனிக்காமல் விட்டு, பாதம் வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. அதே நேரத்தில் வார்டுக்கு இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஆள் போதாததால் சிஸ்டரே மூன்று அட்மிஷனையும் போட்டார். வார்டு டாக்டர் தன் அறையிலிருந்தே திரையைப் பார்த்தார். ஒவ்வாமை: இல்லை. நுண்ணுயிர்க்கொல்லி ஊசி எழுதினார். வழக்கப்படி முன்கையில் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. முழு ஊசியும் போட்டார்கள்.

நான் அப்போது அந்த வார்டின் வாசலில்தான் இருந்தேன். பிரிண்டர் ஒன்று காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றது என்று கூப்பிட்டிருந்தார்கள். முதலில் அந்த மனிதர் உள்ளங்கையைச் சொறிவதைத்தான் பார்த்தேன். பிறகு உதடு தடித்தது. மூச்சு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“ஐயோ, வாழப்பாடியில இதே மாதிரி ஊசி போட்டப்பத்தானுங்க ஒடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு! இங்க யாரும் கேக்கலீங்களே!”

சிஸ்டர் ஓடி வந்தது எனக்கு நினைவில்லை. கட்டிலருகில் இருந்தார், அவ்வளவுதான். அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்டார். கால்மாட்டைத் தூக்கச் சொன்னார். ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் ஒரு கையால் அழுத்திக்கொண்டே, “சாமி, என்னயப் பாருங்க, கண்ண மூடாதீங்க, இங்க பாருங்க” என்று அந்த மனிதரிடம் விடாமல் பேசினார். டாக்டர் வந்து சேர்ந்தபோது மூச்சிழுப்பு கொஞ்சம் தணிந்திருந்தது. மனிதர் பிழைத்துக்கொண்டார். நான் பிரிண்டர் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் பெரிய டாக்டரின் அறையில் விசாரணை. சிஸ்டர் நின்றிருந்தார். வார்டு டாக்டரும் மேலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். யார், எந்த நேரத்தில், எதைப் பதிவு செய்தார் என்ற பட்டியலை என்னை எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தாள். பெரிய டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். “ஒவ்வாமை இல்லைன்னு யார் போட்டது?”

நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

“லாகின்ல சிஸ்டர் பேருதான் இருக்குங்க சார்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது. சிஸ்டர் என் பக்கம் ஒரே ஒருமுறை திரும்பினார். சொல்வார் என்று நினைத்தேன். ‘பயிற்சி வகுப்பிலேயே நான் கேட்டேனே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார் என்று பிறகு புரிந்தது. நான் தாள்களின் ஓரத்தை மேசையில் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தேன்.

சிஸ்டருக்கு மெமோ கொடுத்தார்கள். வார்டிலிருந்து எடுத்து, புறநோயாளிப் பிரிவில் எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் மேசையில் போட்டார்கள். அவர் கொடுத்த விளக்கக் கடிதத்தை ஸ்கேன் செய்து கோப்பில் சேர்க்க வேண்டியதும் நான்தான். நான்கே வரி. ‘அன்று மூன்று பேர் ஒன்றாக வந்தார்கள். இவரிடம் ஒவ்வாமை பற்றி நான் கேட்கவில்லை. அது என் தவறு. ஆனால் இல்லை என்று நான் எழுதவும் இல்லை.’

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுவேன். என் மனைவி, “காலை ஆட்டாம இருங்க” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் இருக்க முடியாமல் அயோத்தியாப்பட்டணத்திலேயே இறங்கி, வெயிலில் ஊருக்குள் நடப்பேன். மனசுக்குள் வாதம் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்க வேண்டியது செவிலியரின் கடமை. சரி. வரிசையைக் குறைக்கச் சொன்னது நிர்வாகம். அதுவும் சரி. புள்ளி வைத்தது அவர்கள். எல்லாம் சரி. அப்படியானால் அந்த அறையில் ஏன் நீ அந்த ஒரு வரியைப் பற்றி வாய் திறக்கவில்லை? அங்கே வந்ததும் வாதம் நின்றுவிடும், நடை மட்டும் வேகமாகும்.

இரண்டாவது வாரம் ஒரு காலையில், கை சும்மா இருக்க மாட்டாமல், தரவுத்தளத்தைத் திறந்து ஒரு கேள்வி எழுதினேன். இதுவரை சேர்ந்தவர்களில் எத்தனை பேருடைய ஒவ்வாமைக் கட்டத்தை ஒருவரும் தொடவே இல்லை? அதைக் கண்டுபிடிக்க வழியிருந்தது. கட்டத்தில் யாராவது கை வைத்தால் நேரம் பதிவாகும். பட்டியல் ஓடத் தொடங்கியது. நிற்கவில்லை. பக்கம் பக்கமாக ஓடியது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘இல்லை’. அவர்களில் யாரையாவது கேட்டார்களா என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. அத்தனை பேருக்கும் பதில் சொன்னது நான்.

அந்தப் பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு முதலில் பெரிய டாக்டரிடம் போகாமல், சிஸ்டரிடம் போனேன். ஒரு கிழவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன். பிறகு சொன்னேன். கோர்வையாக வரவில்லை. அந்த வரி நான் எழுதியது, நீங்கள் கேட்டபோது சிரித்தது, அறையில் சொல்லாமல் விட்டது என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போனபோது அவர் கையை நீட்டித் தாள்களை வாங்கிக்கொண்டார். புரட்டினார். முகம் மாறியது.

“இவங்கெல்லாம் இப்ப வார்டுல படுத்திருக்கறவங்களாங்க?”

“கடைசி ரெண்டு பக்கத்துல இருக்கறவங்க ஆமாங்க.”

“அப்பறம் இங்க நின்னு என்ன பேசிட்டு இருக்கறீங்க சார்? மொதல்ல அவங்களக் கேக்கோணும். என் விசயத்தப் பொறவு பாத்துக்கலாம், நடங்க.”

மேசையைப் பக்கத்துச் செவிலியரிடம் விட்டுவிட்டு முன்னால் நடந்தார். அன்று மதியம் கட்டில் கட்டிலாகப் போனோம். அவர் கேட்டார், நான் பென்சிலால் எழுதினேன். கேட்பது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ‘எந்த மருந்தாச்சும் ஒத்துக்காம போயிருக்குங்களா? அரிப்பு, தடிப்பு, மூச்சு முட்டல்?’ பெரும்பாலோர் இல்லை என்றார்கள். பெண்கள் வார்டில், மறுநாள் காலை கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சைக்காகப் படுத்திருந்த ஓர் அம்மா யோசித்துவிட்டு, “வலி மாத்திரை ஒண்ணு சாப்புட்டா மூச்சே நின்னுபோற மாதிரி ஆவும்மா. அத இங்க சொல்லணுமா?” என்றார். சிஸ்டர் அவர் வைத்திருந்த பழைய மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தார். அதே வகை வலி ஊசி, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு போடுவதற்காக, திரையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. என் பென்சில் முனை உடைந்தது. சிஸ்டர் தன் பேனாவைக் கொடுத்தார்.

அந்தத் தாளோடு இருவரும் பெரிய டாக்டரிடம் போனோம். இம்முறை சொன்னேன். அவர் தாளை ஒரு பெயர் விடாமல் படித்தார். பிறகு என்னைத் திட்டினார், என்னவென்று எழுத முடியாத சொற்களில். அன்றே படிவம் மாறியது. ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்பவற்றோடு ‘இன்னும் கேட்கவில்லை’ என்று மூன்றாவதாக ஒன்று வந்தது. திறக்கும்போது அதுதான் சிவப்பாக நிற்கும். அது சிவப்பாக இருக்கும்வரை ஊசி எழுத முடியாது. அட்மிஷன் மேசைக்கு இன்னொரு செவிலியரைப் போட்டார்கள். வரிசை கொஞ்சம் நீண்டது, யாரும் சாகவில்லை.

சிஸ்டரை வார்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மெமோவை மட்டும் எடுக்கவில்லை. “கேக்காம விட்டது விட்டதுதானே” என்றார் பெரிய டாக்டர். நான் மறுத்துப் பேச வாயெடுத்தபோது சிஸ்டர், “அது இருக்கட்டுங்க. அந்தப் பாதி என்னுதுதான்” என்றார். மற்ற பாதிக்கு யார் கோப்பிலும் தாள் இல்லை. எனக்கு மெமோ கொடுக்க அங்கே வழியே இல்லை, நான் வெளியாள். வேலை முடிந்ததென்று பாராட்டுக் கடிதம்தான் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு அவர் தன் ஊர்ப்பக்கம் ஒரு மருத்துவமனைக்குப் போய்விட்டார். தொடர்பு விட்டுப்போனது. உண்மையில் நான்தான் விட்டேன். தொலைபேசியில் அவர் பெயரைப் பார்த்தால் விரல் தானாகத் தாண்டிப் போகும்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவரே கூப்பிட்டார். “சார், எங்க ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் போடறாங்க. நா இப்ப நர்சிங் சூப்பிரண்டுங்க. சாஃப்ட்வேர்க்காரங்க வெள்ளிக்கிழம வாராங்க. நீங்களும் வந்து ஒக்காரோணும். அங்க நடந்தத உங்க வாயால சொல்லோணும்” என்றார். வர முடியாதென்று சொல்ல மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. “வாரேங்க” என்றுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை அந்தக் கூட்ட அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்த பெண் படிவத்தைத் திரையில் காட்டினார். நேர்த்தியான படிவம். ஒவ்வாமைக் கட்டத்தில் ‘இல்லை’ என்று தானாக விழுந்தது. சிஸ்டர் என்னைப் பார்த்தார். எழுந்து சொன்னேன். உள்ளங்கையைச் சொறிந்த மனிதரையும் பக்கம் பக்கமாக ஓடிய பட்டியலையும் சொன்னேன். விசாரணை நடந்ததையும் சொன்னேன். அங்கே நான் என்ன சொன்னேன் என்பதை மட்டும் விட்டுவிட்டு, அடுத்ததற்குத் தாவிவிட்டேன்.

அந்தப் பெண் குறிப்பெடுத்துக்கொண்டே நிமிர்ந்து கேட்டார். “லாகின் பதிவு இருந்திருக்குமே சார், அதுல யார் பேர் வந்துச்சு?”

சிஸ்டர் உதவிக்கு வரவில்லை. விசாரணை அன்றும் இப்படித்தான் காத்திருந்தார்.

“இவங்க பேர்” என்று கை காட்டினேன். “எழுதினது நான். அத அன்னிக்கு அந்த ரூம்ல நான் சொல்லல.”

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். சிஸ்டர் தன் முன்னாலிருந்த காகிதத்தில் எதற்கோ ‘சரி’ குறி போட்டுக்கொண்டு, “செரிங்க, அப்ப அந்தக் கட்டத்த மாத்திருங்க. அடுத்தது என்னங்கம்மா, இரத்த வகையா?” என்றார்.

அந்தப் பெண் அடுத்த திரைக்குப் போனார். எல்லோரும் போனார்கள். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். உட்கார வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே கொஞ்ச நேரமாயிற்று.